கத்னாவும் நம் பொறுப்பும்

பிள்ளைச் செல்வம் எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அமானிதத்தைப் பெற்றுக்கொண்டவன் ஒப்படைத்தவனுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். குழந்தை பிறந்ததும் வலக் காதில் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் சொல்கிறோம். ஏழாம் நாள் முடி இறக்கி, அம்முடியின் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்து, பெயர் சூட்டி, அகீகா கொடுக்கிறோம். இவை யாவும் குழந்தையின் மேனியில் ஒரு கீறலும் படாமல் நிறைவேறுகின்றவை. ஆண் குழந்தைக்குப் பெற்றோர் செய்யும் காரியங்களில் அக்குழந்தையின் இரத்தம் சிந்துவது ஒன்றே ஒன்றுதான். அதுவே கத்னா. நம் ஊர்களில் அதனைச் சுன்னத்து என்றும், மார்க்கக் கலியாணம் என்றும் வழங்குவர்.

அன்பார்ந்த வாசகர்களே! கத்னாவுக்கு நாள் குறித்தவுடன் நம் வீடுகளில் நடைபெறும் ஆலோசனைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். யார் யாரை அழைப்பது, எத்தனை படி அரிசி வடிப்பது, பிள்ளைக்கு என்ன உடை எடுப்பது, மாலை எங்கே வாங்குவது என்று வீடு முழுவதும் கூடிப் பேசுகிறது. ஆனால், எந்தக் கருவியால் செய்யப் போகிறார்கள், அக்கருவியில் இதற்கு முன் வேறொரு குழந்தையின் இரத்தம் பட்டதுண்டா, நள்ளிரவில் இரத்தம் நிற்காமற்போனால் எங்கே ஓடுவது என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்கத் தவறும் அந்தக் கேள்விகளுக்காகவே இவ்வாரம் இப்பகுதியை ஒதுக்குகிறோம்.

முதலில் மார்க்கச் சட்டத்தின் நிலையைத் தெளிவாக்கிக் கொள்வோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் கத்னா வாஜிப். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. மனிதனின் இயற்கைத் தூய்மைக்கு உரிய செயல்களுள் ஒன்றாக அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருக்கிறார்கள். ஆகவே கத்னா வேண்டுமா, வேண்டாமா என்பது நம்மிடையே கேள்வியாகாது. எப்போது, எப்படி, யார் கையால் என்பவையே நாம் சிந்திக்க வேண்டியவை.

கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாடுகளின் மத்ரஸாக்களில் நூற்றாண்டுகளாக ஓதிக் கொடுக்கப்பட்டு வரும் சட்ட நூல். கத்னா கடமையாவது பிள்ளை பருவமடைந்த பின்னர்தான். அதனை முற்படுத்தி ஏழாம் நாளில் செய்வது விரும்பத்தக்கது. ஆனால் அதைத் தாங்கும் வலிமை குழந்தைக்கு இல்லையெனில் பிற்படுத்த வேண்டும் என்பது அந்நூல் தரும் சட்டம். அத்துடன் நில்லாமல், தாங்கும் வலிமையற்ற வயதில் ஒருவர் கத்னா செய்து, அதனால் குழந்தை உயிரிழக்குமானால், பெற்றவர் நீங்கலாகப் பிறர் அதற்குப் பழிச்சட்டப்படி பதில் சொல்ல வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்ட மேதைகள் ஏழாம் நாளின் சிறப்பையும் குழந்தையின் உடல்நிலையையும் ஒரே தராசில் வைத்து நிறுத்து, உடல்நிலைக்கே முதலிடம் கொடுத்தார்கள். நாள் தவறிவிடும் என்று அஞ்சி, நோயுற்ற குழந்தையை அவசர அவசரமாகக் கிடத்துவோர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

கருவியைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது? இபுராஹீம் நபி (அலை) அவர்கள் எண்பதாவது வயதில் "கதூம்" கொண்டு கத்னா செய்துகொண்டார்கள் என்று நபிமொழித் தொகுப்புகளில் வந்துள்ளது. கதூம் என்பது தச்சர் கையாளும் வாய்ச்சி என்று ஒரு சாரார் பொருள் கொண்டார்கள். அது ஓர் ஊரின் பெயர் என்று மற்றொரு சாரார் விளக்கினார்கள். இவ்விரு சாராரில் எவரும், ஆகையால் வாய்ச்சியால்தான் கத்னா செய்ய வேண்டும் என்று சட்டம் வகுக்கவில்லை. உறுப்பின் முனையை மூடியிருக்கும் தோல் நீங்கி, முனை வெளிப்பட வேண்டும், அதுவே நோக்கம். அந்நோக்கத்தை அடையும் வழி காலத்துக்குக் காலம் மாறலாம். சவரக் கத்தியால் செய்தாலும், கத்தரியால் செய்தாலும், பிளாஸ்டிக் வளையத்தின் துணையால் செய்தாலும், நோக்கம் நிறைவேறினால் கத்னா நிறைவேறிவிட்டது. இயந்திரம் வைத்துச் செய்தால் அது சுன்னத்தாகுமா என்று ஐயுறும் பெரியோர்களுக்கு இதுவே நம் விடை.

கருவியைச் சீர்திருத்த வேண்டும் என்ற எண்ணமும் மேலை நாட்டாரிடம் நாம் கடன் வாங்கியதன்று. ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரையடுத்து வாழ்ந்து, கி.பி. 1013 அளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, முப்பது பகுதிகள் கொண்ட அத்தஸ்ரீஃப் என்னும் மருத்துவப் பெருநூலை இயற்றினார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதில் சிறுவர்களின் கத்னாவுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, தம் காலத்தில் நாவிதர்களும் இரத்தம் குத்தி எடுப்போரும் சவரக் கத்தி, கத்தரி, வளையம், நூற்கட்டு என்று பலவாறு செய்ததை விவரித்து, அவற்றில் நேரும் தவறுகளையும் அவற்றுக்குரிய பரிகாரங்களையும் எழுதியிருக்கிறார். பண்டைய கிரேக்கரின் நூல்களில் இதற்கு வழிகாட்டுதல் கிடைக்கவில்லை என்றும், தம் அனுபவத்தால் கண்டவற்றையே எழுதுவதாகவும் குறிப்பிட்டு, நூலால் இறுகக் கட்டிய பின் கத்தரியால் நறுக்குவதே சிறந்தது என்று தேர்ந்தார். ஒரு முறையை இன்னொரு முறையோடு ஒப்பிட்டு, தீங்கு குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நம் முன்னோரின் வழக்கம்தான்.

இனி இன்றைய கருவிகளுக்கு வருவோம். 1930-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கோம்கோ என்னும் உலோகக் கவ்வி உருவாயிற்று. மணி வடிவான ஒரு சிறு குமிழ் உறுப்பின் முனையை மூடிக் காக்கும். அதன் மேல் தோலை இழுத்து, தகட்டுக்கும் குமிழுக்கும் இடையே திருகி நெருக்கி, இரத்தம் அடைபட்ட பின் தோலை நறுக்குவர். 1954-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த யூத குரு ஒருவர் மோகென் என்னும் வேறொரு கவ்வியைச் செய்தார். இது இரண்டு தட்டையான உலோகத் தாடைகளுக்கு நடுவே தோலை மட்டும் இழுத்து நெருக்குவது. வேலை விரைவில் முடியும். ஆனால் உறுப்பின் முனையை மூடிக் காக்கும் குமிழ் இதில் இல்லை. அதே 1950-களில் பிளாஸ்டிபெல் என்னும் மூன்றாவது கருவி வந்தது. இது முற்றிலும் பிளாஸ்டிக்; ஒரே ஒரு குழந்தைக்கு மட்டுமே உரியது. குமிழை முனையின் மேல் பொருத்தி, தோலை அதன் மேல் போர்த்தி, குமிழில் உள்ள பள்ளத்தில் நூலால் இறுகக் கட்டி, மிகுதித் தோலை நறுக்கிவிடுவர். கைப்பிடியை ஒடித்து எறிந்த பின் வளையம் மட்டும் தங்கியிருந்து, சுமார் ஒரு வாரத்தில் தானே விழும். அஸ்ஸஹ்ராவீ விரும்பிய நூற்கட்டு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் வந்து அமர்ந்திருக்கிறது!

உலோகக் கவ்விகள் திறமையுள்ள மருத்துவர்களின் கையில் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டவை. எனினும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கையாளப்படும் கருவி தேயும், வளையும், உறுப்புகள் இடம் மாறும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. 1996 ஜூலை முதல் 2000 ஜனவரி வரை இக்கவ்விகளால் நேர்ந்த காயங்களைப் பற்றி 105 அறிக்கைகள் வந்திருந்தன. ஒரு கவ்வியின் தகட்டை இன்னொரு கவ்வியின் குமிழோடு சேர்த்துப் பொருத்தியதால் சில வழுக்கின, சில உடைந்தன. மோகென் கவ்வியின் தாடைகள் உரிய அளவுக்கு மேல் அகன்றிருந்ததால் தோலோடு உறுப்பின் முனையும் உள்ளே நுழைந்து வெட்டுண்ட கொடுமையும் நடந்தது. மருத்துவ வசதிக்குக் குறைவில்லாத ஒரு நாட்டின் மருத்துவமனைகளிலேயே இந்நிலை என்றால், கொதிநீரில் முக்கி எடுத்த ஒரே கத்தியோடு தெருத்தெருவாகச் செல்லும் இடங்களின் நிலையை நாம் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி ஆகிய கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தத்திலும் ஒட்டியிருந்து அடுத்த குழந்தைக்குத் தாவக் கூடியவை.

தேய்மானம் இல்லை, உறுப்புகள் மாறிப்போக வழியில்லை, முன்னொருவரின் இரத்தம் இல்லை. ஒருமுறை மட்டும் கையாண்டு எறியும் கருவியின் சிறப்பு இம்மூன்றிலும் அடங்கும். இதன் தேவை ஆப்பிரிக்காவில் பெரிதாக உணரப்பட்டது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகள், கத்னா செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவதாகக் காட்டின. அதையொட்டி, அந்நோய் மிகுந்த நாடுகளுக்கு 2007-இல் உலக சுகாதார நிறுவனம் கத்னாவைப் பரிந்துரைத்தது. 2010-இல், பிறந்து 60 நாட்களுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குச் செய்யும் முறையை விளக்கி ஒரு கையேட்டையும் வெளியிட்டது. நாம் கத்னா செய்வது இறைக் கட்டளைக்காக; நோய்த் தடுப்பு அதன் உபரியான நன்மை. ஆயினும், முஸ்லிம் அல்லாத மக்களிடையே நடந்த அம்முயற்சியிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் பல உள்ளன.

ஆண்டுக்கணக்கில் அறுவை மருத்துவம் பயின்றவர்கள் குறைவான நாடுகளில் இதனைச் செவிலியரும் மருத்துவச்சிகளும் செய்ய வேண்டியிருந்தது. அதற்கேற்ற கருவி தேடப்பட்டது. அக்யூசர்க் என்னும் கருவி அவ்வாறு ஆய்வுக்கு வந்தவற்றுள் ஒன்று. உறுப்பின் முனையைக் காக்கும் கவசமும், தோலை நெருக்கும் கவ்வியும், வட்டமான வெட்டுங்கத்தியும் ஒரே கிருமி நீக்கிய பொட்டலத்தில் முன்னரே பொருத்தப்பட்டு, ஒருமுறைப் பயனுக்கென்றே அமைந்தது அது. போட்ஸ்வானாவிலும் சிம்பாப்வேயிலும் அது சோதிக்கப்பட்டது. சிம்பாப்வேயில் மோகென் கவ்வியோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்ததில், அது பாதுகாப்பில் தாழ்ந்ததன்று என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இம்மட்டில் நிறுத்தினால், பொட்டலத்தில் வரும் கருவி எதுவாயினும் நல்லது என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடக் கூடும். அது ஆபத்தான முடிவு. மலேசியாவில் உருவான டாரா கிளாம்ப் என்னும் பிளாஸ்டிக் கருவியும் ஒருமுறைப் பயனுக்கானதே. தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களிடையே நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், வழக்கமான அறுவை முறையைக் காட்டிலும் அக்கருவியால் மிகுதியான தீங்குகள் நேர்ந்ததாகத் தெரியவந்தது; அதைக் கைக்கொள்ள வேண்டாம் என்றே அந்த ஆய்வாளர்கள் கூறினார்கள். கருவி புதியது என்பதும், எறியத்தக்கது என்பதும் தாமாகவே அதற்கு நற்சான்று ஆகிவிடா. சோதித்துப் பார்க்கப்பட்டதா, அதுவும் பச்சிளங் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

சோதனையில் தேறிய பிளாஸ்டிபெல்லுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. குமிழ் 1.1 சென்டிமீட்டரிலிருந்து 1.7 சென்டிமீட்டர் வரை பல அளவுகளில் வருகிறது. அளவு தவறினால் வளையம் விழாமல் சிக்கிக்கொள்ளும். அல்லது கீழே நழுவி உறுப்பைச் சுற்றி இறுக்கும். போட்ஸ்வானாவில் பச்சிளங் குழந்தைகளிடம் மோகெனையும் பிளாஸ்டிபெல்லையும் ஒப்பிட்டு 2013-இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் சுட்டியது. வளையத்தில் சிக்கல் நேர்ந்தால் உடனே மருத்துவ உதவி கிடைக்காத இடங்களில், வளையம் எதையும் விட்டுவைக்காத மோகென் முறையே பாதுகாப்பாக இருக்கக் கூடும் என்று அவ்வாய்வாளர்கள் கருதினார்கள். மேலே மோகெனின் குறையையும் கண்டோம். இங்கே அதன் நிறையையும் காண்கிறோம். ஆகவே எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. அக்கருவியை அறிந்த கை, அக்குழந்தைக்குப் பொருந்தும் அளவு, பின்னர் ஓடிச் சென்றால் திறந்திருக்கும் கதவு ஆகியவற்றோடு சேர்த்தே கருவியை மதிப்பிட வேண்டும்.

இம்மூன்றும் ஓரிடத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம் எடுத்துக்காட்டு. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் மிகுந்த ஊர் அது. அங்கே மருத்துவமனையைச் சார்ந்த ஒரு சேவை அமைக்கப்பட்டு, 1996-க்கும் 2005-க்கும் இடையில் 1,129 குழந்தைகளுக்குப் பிளாஸ்டிபெல் முறையில் கத்னா செய்யப்பட்டது. செய்தவர்கள் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்கள். வலி தெரியாதிருக்க மரத்துப்போகும் ஊசி போடப்பட்டது. சிக்கல் நேர்ந்தால் பார்க்க மருத்துவர்கள் அதே மருத்துவமனையில் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு குழந்தையின் கணக்கும் எழுதி வைக்கப்பட்டது. எத்தனை குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்று அவர்களால் உலகுக்குச் சொல்ல முடிந்தது. நம் ஊர்களில் நடைபெறும் கத்னாக்களுக்கு அப்படியொரு பதிவேடு எங்கேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

கருவியைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. அவற்றில் முதலாவது, இரத்தம் உறையாத பிறவி நோய் குடும்பத்தில் உண்டா என்று விசாரிப்பது. ஹீமோஃபீலியா என்று இன்று வழங்கும் அந்நோயை ஒத்த ஒன்றை அதே அஸ்ஸஹ்ராவீ எழுதியிருக்கிறார். ஒரு கிராமத்தில் ஆண்களுக்குச் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நில்லாமல் உயிர் போய்விடுவதைக் குறித்து அவர் வியந்திருக்கிறார். இந்நோய் பெரும்பாலும் தாய் வழியாக ஆண் மக்களுக்கு வருவது. தாய்க்கு நோயின் அடையாளம் தெரியாமலும் இருக்கலாம். ஆகையால் குழந்தையின் தாய்மாமன்மார், தாயுடன் பிறந்தவளின் பிள்ளைகள், குழந்தையின் அண்ணன்மார் ஆகியோரில் எவருக்கேனும் பல் பிடுங்கியபோதோ கத்னாவின்போதோ இரத்தம் நிற்காமல் அவதிப்பட நேர்ந்ததா என்று வீட்டுப் பெரிய பெண்மணிகளைக் கேளுங்கள். அவர்களுக்குத்தான் இது தெரியும். உண்டென்றால், இரத்தப் பரிசோதனை முடியும் வரை கத்னாவை நிறுத்தி வைப்பது கட்டாயம். பிறந்தவுடன் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி குழந்தைக்குப் போடப்பட்டதா என்றும் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, உறுப்பின் அமைப்பு. சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் முனையில் அமையாமல் கீழ்ப்புறத்தில் அமைந்திருக்கும். சிலருக்கு உறுப்பு வளைந்திருக்கும். சில ஊர்களில் இதை, பிறக்கும்போதே சுன்னத்து ஆகிவிட்ட பிள்ளை என்று சொல்லி மகிழ்வதும் உண்டு. அக்குறையைப் பின்னர் சரிசெய்யும் அறுவை மருத்துவத்துக்கு அந்த முன்தோலே துணியாக உதவுவது. அதை வெட்டி எறிந்துவிட்டால் மருத்துவர் வேறெங்கே போவார்? இத்தகைய குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல் கத்னா செய்யலாகாது. மூன்றாவது, குழந்தையின் பொது உடல்நிலை. குறைமாதத்தில் பிறந்தது, எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தது, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ உள்ளது, பால் குடிக்காமல் சோர்ந்திருப்பது ஆகிய குழந்தைகளுக்குப் பிற்படுத்த வேண்டும். மின்ஹாஜின் சட்டம் இங்கேதான் உயிர் பெறுகிறது.

வலியைப் பற்றியும் ஒரு சொல். பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்று பலர் எண்ணுகிறார்கள். தெரியும், சொல்லத்தான் தெரியாது. அறுக்கப்படும் பிராணியிடத்தும் நயமாக நடந்துகொள்ளும்படியும், கத்தியைத் தீட்டி அதன் துன்பத்தைக் குறைக்கும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆட்டுக்கு உரிய இந்தக் கருணை நம் பிள்ளைக்கு இல்லையா? மரத்துப்போகும் ஊசியும் களிம்பும் இன்று மருத்துவர்களிடம் உள்ளன. சர்க்கரைத் தண்ணீரை நாவில் தடவி வேலையை முடித்துவிடுவது அவற்றுக்கு ஈடாகாது.

கத்னா முடிந்த பின் பெற்றோரின் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். முதல் நாள் இரவு சில முறை துணியை நீக்கிப் பாருங்கள். இரத்தம் துளித் துளியாக நில்லாமல் வடிந்தாலும், துணியில் ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாகப் பரவினாலும், அரை நாளாகக் குழந்தை சிறுநீர் கழிக்காவிட்டாலும், உறுப்பின் முனை கறுத்தோ நீலம் பாரித்தோ வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மஞ்சள் நிறத்தில் மெல்லிய ஏடு படிவது ஆறும் புண்ணின் இயல்பு; அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். வளையம் இருந்தால் அதைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம்; எட்டு நாட்கள் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணில் சாம்பல், மஞ்சள் தூள், காப்பித் தூள் போன்றவற்றைத் தூவுவது ரணஜன்னிக்கு வாசலைத் திறந்து வைப்பதாகும்.

எங்கள் பாட்டனாருக்கும் தகப்பனாருக்கும் ஒஸ்தாதான் செய்தார்; அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்போர் உண்டு. நன்றாக இருந்தவர்கள்தாம் பாட்டனாராகவும் தகப்பனாராகவும் ஆனார்கள். ஆகாமற்போனவர்களைப் பற்றிச் சொல்ல அவர்களுக்குப் பேரன்மார் இல்லை. இதைக் கூறுவதால் தலைமுறை தலைமுறையாக இப்பணியைச் செய்து வந்த ஒஸ்தாமார்களை நாம் இழிவுபடுத்துவதாக யாரும் எண்ணலாகாது. அவர்களில் பலர் கைத்தேர்ச்சி மிக்கவர்கள். மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களில் சமுதாயத்தின் கடமையைத் தாங்கி நின்றவர்கள். ஆயினும், மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூதாவூது, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் நாம் ஏற்றி வைக்கலாமா? கத்தியை மருத்துவர் எடுக்கட்டும். பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதும், ஆறுதல் சொல்வதும், பின்பு வீடு தேடி வந்து பார்ப்பதும் ஒஸ்தாவின் பணியாகத் தொடரட்டும். அவருக்கு வழக்கமாகக் கொடுத்து வந்த காணிக்கையில் ஒரு காசும் குறைய வேண்டாம்.

செலவைச் சொல்லி அஞ்சுவோரும் உள்ளனர். ஏழைக் குடும்பத்தின் அச்சம் நியாயமானதே. ஆனால் அழைப்பிதழுக்கும் பந்தலுக்கும் விருந்துக்கும் கடன் வாங்கத் துணியும் குடும்பம், புதிய கருவிக்கும் நல்ல மருத்துவருக்கும் வரும்போது மட்டும் சிக்கனம் பேசுவது முறையாகாது. விருந்து வைப்பது விருப்பத்தைப் பொறுத்தது. குழந்தையைக் காப்பது கடமை. விருந்தைச் சுருக்கிக் கடமையை நிறைவாக்குவதே அறிவுடைமை.

இங்கே ஜமாஅத்துகளின் பொறுப்பும் பெரிது. பல மஹல்லாக்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கத்னா முகாம் நடத்துவது போற்றத்தக்க தருமம். ஆனால் தருமம் செய்கிறோம் என்பதால் தரம் குறையலாகாது. ஒரே நாளில் இத்தனை பேருக்குச் செய்தோம் என்று எண்ணிக்கை காட்டும் ஆவல், ஒரு குழந்தைக்குரிய கருவியை இன்னொரு குழந்தைக்கும் கையாளத் தூண்டும். ஒருமுறைக் கருவியை மறுமுறை கையாண்டால், அதன் சிறப்பு முழுவதும் அழிந்து, நற்பெயர் மட்டும் எஞ்சி நின்று மக்களை ஏமாற்றும். ஏழையின் பிள்ளையும் அமானிதமே. முகாம் நடத்தும் முத்தவல்லிமார்கள் குழந்தைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கருவிகள் வந்துள்ளனவா என்று எண்ணிப் பார்க்கட்டும். ஒவ்வொரு பொட்டலமும் பெற்றோரின் கண் முன்னே பிரிக்கப்பட்டு, வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னே எறியப்படட்டும். முகாம் முடிந்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் பிள்ளைகளைப் பார்க்க மருத்துவரை ஏற்பாடு செய்யட்டும். பள்ளிவாசலில் ஒரு பதிவேடு வைத்து, பிள்ளையின் வயது, கையாண்ட கருவி, செய்தவர், பின்னர் நேர்ந்தது ஆகியவற்றை எழுதி வரட்டும். சில ஆண்டுகளில் அப்பதிவேடே நமக்குச் சிறந்த ஆசானாக விளங்கும்.

வாசகர்களே! உங்கள் வீட்டில் ஓர் ஆண் குழந்தைக்குக் கத்னா நிச்சயிக்கும்போது, நாள் குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். குழந்தையைச் சோதித்துத் தகுதி கண்டீர்களா? கையாளப் போகும் கருவி இவனுக்கென்றே புதிதாகப் பிரிக்கப்படுவதா, இவன் அளவுக்குப் பொருந்துவதா? வலி தெரியாதிருக்க என்ன செய்யப் போகிறீர்கள்? இரவில் ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் யாரிடம் வர வேண்டும்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினம் கொள்ள மாட்டார். சினம் கொள்பவரிடம் உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். இக்கேள்விகளைக் கேட்பது இறைவன் மீதுள்ள நம்பிக்கைக் குறைவாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

கிடத்தப்படும் அக்குழந்தை தன் விருப்பத்தைச் சொல்ல இயலாதது. தன்னைத் தொடும் கை எத்தகையது என்று அறியாதது. அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாமே. சுன்னத்தை நிறைவேற்றிய நன்மையோடு, சிசுவைக் காத்த நன்மையையும் ஒருசேரப் பெறும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.